கட்டுப்பெட்டி: யாரை, எப்போது, எப்படிச் சொல்வது?

என் சித்தப்பா மகள் வெளிநாட்டில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் நன்றாகவே பேசுவாள், எழுதவும் வரும். அவள் அண்ணனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தபோது, வரன் குறிப்பைத் தானே எழுதுகிறேன் என்று உட்கார்ந்தாள். படிப்பு, வேலை, உயரம் எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: ‘எங்களுடையது கட்டுப்பெட்டியான குடும்பம்.’ பெரியம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த வரியை இரண்டு தடவை படித்தார். “ஏண்டி, நம்மளை நாமே திட்டி விளம்பரம் கொடுக்கிறோமா?” என்றார்.

பாவம், அவள் மேல் தப்பில்லை. ‘கன்சர்வேட்டிவ்’ என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன என்று கைப்பேசியில் தேடியிருக்கிறாள், இது வந்திருக்கிறது. பொருள் ஏறக்குறைய சரிதான். ஆனால் இந்தச் சொல்லை யாரும் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை என்பதை எந்தக் கைப்பேசியும் அவளுக்குச் சொல்லவில்லை. தமிழில் புதிதாக எழுதுகிறவர்களும் மொழிபெயர்க்கத் தொடங்கியிருப்பவர்களும் தடுக்கி விழும் இடம் இது. அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதல் படி: சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

கட்டு, பெட்டி. இரண்டும் எல்லோருக்கும் தெரிந்த சொற்கள். மூடிக் கட்டி வைத்த பெட்டி ஒன்றை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது வெளியே வராது, வெளிக்காற்றும் உள்ளே போகாது. ஒரு மனிதரைப் பார்த்து ‘கட்டுப்பெட்டி’ என்று சொல்லும்போது இந்தப் படம்தான் வேலை செய்கிறது. உடை, ஆண் பெண் பழக்கம், பேச்சு, கேளிக்கை போன்றவற்றில் பழைய வரம்புகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அதற்கு வெளியே உள்ள எதையும் கூடாது என்று ஒதுக்குகிறவர் கட்டுப்பெட்டி. அந்தக் குணத்துக்குக் கட்டுப்பெட்டித்தனம் என்று பெயர்.

இதில் ‘தனம்’ என்ற விகுதியைக் கொஞ்சம் கவனியுங்கள். கஞ்சத்தனம், சோம்பேறித்தனம், முட்டாள்தனம், போக்கிரித்தனம் என்று அது பெரும்பாலும் நாம் முகம் சுளிக்கும் குணங்களோடுதான் ஒட்டும். புத்திசாலித்தனமும் கெட்டிக்காரத்தனமும் இருப்பதால் விகுதியையே கெட்டது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் உயர்வாகச் சொல்ல நினைக்கும்போது தமிழ் வேறு வழியில் போகிறது. திருக்குறளின் அதிகாரப் பெயர்களைப் பாருங்கள்: அடக்கமுடைமை, ஒழுக்கமுடைமை, நாணுடைமை. அடக்கத்தனம் என்று யாராவது சொன்னால் கிண்டல் செய்கிறார் என்று உடனே தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: எழுத்தைச் சரியாக எழுதுங்கள்

இது சின்ன விஷயம், சீக்கிரம் முடித்துவிடலாம். ‘கட்டுபெட்டி’ என்று எழுதுவது தவறு. கட்டு என்பது வன்தொடர்க் குற்றியலுகரம், அதாவது ‘ட்’ என்ற வல்லின மெய்யை அடுத்து உகரம் குறுகி முடியும் சொல். அதன் பின் வல்லினம் மிகும். பத்துப்பாட்டு, எட்டுத்தொகை, கட்டுப்பாடு எல்லாம் இதே கதைதான். கட்டுப்பெட்டித்தனம் என்பதில் நடுவில் ‘த்’ வரும். ‘கட்டுப் பெட்டி’ என்று இடம் விட்டு எழுதாதீர்கள். பிரித்து எழுதினால் படிப்பவர் மனதில் மனிதர் மறைந்து நிஜப் பெட்டி வந்துவிடும்.

மூன்றாம் படி: எதைப் பற்றிய கண்டிப்பு என்று கேளுங்கள்

பெரும்பாலான பிழைகள் நடப்பது இங்கேதான். கண்டிப்பாக இருக்கும் எல்லோரும் கட்டுப்பெட்டி இல்லை. பழைய ஆள் எல்லோரும் கட்டுப்பெட்டி இல்லை. தமிழில் இதற்கெல்லாம் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் ஆளே மாறிவிடுவார்.

வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தால் வெளியே நிறுத்தும் ஆசிரியர் கண்டிப்பானவர். அதே ஆசிரியர், பையனும் பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசுவதைப் பார்த்து மூச்சு முட்டிப் போனால் அப்போது அவர் கட்டுப்பெட்டி. ஒரே மனிதர் இரண்டாகவும் இருக்கலாம், ஒன்றாக மட்டும் இருக்கலாம்.

கொடுக்கல் வாங்கலில் ஒரு பைசா விட்டுக்கொடுக்காதவர் கறார் பேர்வழி. உடன்பாடு என்று பொருள்படும் உருதுச் சொல் வழியாக வந்தது கறார். விலைக்கும் தவணைக்கும் சம்பளத்துக்கும் அது பொருந்தும். உடைக்கும் காதலுக்கும் பொருந்தாது.

இணையத்தில் பணம் கட்டத் தெரியாமல், தெரிந்துகொள்ளவும் மறுத்து, வங்கி வரிசையில் நிற்கும் மாமா பத்தாம்பசலி. பசலி என்பது நிலவரிக் கணக்குக்காக முகலாயர் காலத்தில் வந்த ஆண்டுமுறை. தமிழ்நாட்டு வருவாய்த் துறையில் இன்றும் அது நடப்பில் இருக்கிறது. ஜூலை 1 தொடங்கி ஜூன் 30 வரை ஒரு பசலி. 2024 ஜூலையில் தொடங்கியது 1434ஆம் பசலி. அப்படியிருக்க ஒருவர் பத்தாம் பசலியிலேயே நின்றுவிட்டார் என்றால் எவ்வளவு பின்னால் இருக்கிறார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்! பழைய பஞ்சாங்கம் என்பதும் இதே வகை. போன வருடத்துப் பஞ்சாங்கம் இந்த வருடத்துக்கு உதவாது. இந்த இரண்டு சொற்களும் காலம் கடந்துபோனதைச் சொல்கின்றன. கட்டுப்பெட்டி சொல்வது இறுக்கத்தை. பத்தாம்பசலி மாமாவே அசைவ ஜோக்குகளை அள்ளி வீசுகிறவராக இருக்கலாம், என் குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்தார். அவரைக் கட்டுப்பெட்டி என்று சொன்னால் அவரே சிரிப்பார்.

மடி, ஆச்சாரம் இரண்டும் சடங்குத் தூய்மை பற்றியவை. குளித்துவிட்டு வந்தவரைத் தொடக்கூடாது என்பது மடி. மடி பார்ப்பவர் கட்டுப்பெட்டியாகவும் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

அப்புறம் கூச்சம். புதியவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்வது இதைத்தான். கல்யாண வீட்டில் எல்லோரும் ஆடுகிறார்கள், ஒரு பெண் மட்டும் ஓரமாக நிற்கிறாள். அவளுக்கும் ஆட ஆசைதான், கால் வரமாட்டேன் என்கிறது. அவள் கூச்ச சுபாவம். பக்கத்திலேயே இன்னொருத்தி, ‘இதென்ன ஆட்டம், வெட்கமில்லாமல்’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கட்டுப்பெட்டி இரண்டாமவள். முடியவில்லை என்பது கூச்சம், கூடாது என்பது கட்டுப்பெட்டித்தனம்.

நாணம் என்ற சொல்லிலும் இந்தப் பிளவு உண்டு, அது மிகப் பழையது. திருக்குறளில் நாணுடைமை 102ஆம் அதிகாரம். அதன் முதல் குறளிலேயே வள்ளுவர் கோடு போட்டுவிடுகிறார்: தகாத செயலைச் செய்ய வெட்கப்படுவதுதான் நாணம், அழகிய பெண்களின் நாணம் வேறு வகை. முதலாவது மனசாட்சி, அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. தொல்காப்பியம் களவியலில் அச்சம், நாணம், மடம் மூன்றையும் பெண்ணுக்கு உரியதாகச் சொல்கிறது. இதில் மடம் என்பதற்குப் பழைய உரை தரும் விளக்கம் ‘கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை’. அதாவது, சொல்லிக்கொடுத்ததை வாங்கிக்கொண்டு, வாங்கியதை விடாமல் பிடித்துக்கொள்வது. அன்று குணமாக எண்ணப்பட்டதற்கும் இன்று கட்டுப்பெட்டித்தனம் என்று நாம் கேலி செய்வதற்கும் நடுவில் ஒரு முழம்தான் தூரம். அந்தத் தூரத்தைக் கடந்தவர்களில் பாரதி முக்கியமானவர். நாணமும் அச்சமும் நாய்களுக்குத்தான் வேண்டும் என்று ‘புதுமைப் பெண்’ணில் ஒரே போடாகப் போட்டார்.

நான்காம் படி: யார், யாரைப் பார்த்துச் சொல்கிறார்?

பெட்டிக்கு வெளியே நிற்பவர்தான் அதைப் பெட்டி என்பார். உள்ளே இருப்பவருக்கு அது வீடு. ஆகையால் இந்தச் சொல் எங்கே வந்தாலும், சொல்பவர் தன்னை நவீனமானவராகவும் சொல்லப்படுபவரைப் பின்தங்கியவராகவும் வைக்கிறார் என்று பொருள். நடுநிலையான வருணனையாக இதை எழுதவே முடியாது. வாழ்க்கை வரலாறு, இரங்கல் குறிப்பு, அறிமுக உரை, வரன் குறிப்பு போன்ற இடங்களில் வேண்டாம். ‘பழைய பழக்கவழக்கங்களை விடாதவர்’, ‘மரபில் பிடிப்புள்ளவர்’, ‘எளிமையும் அடக்கமுமானவர்’ என்று எழுதலாம். பெரியம்மா கடைசியில் எழுதச் சொன்னது ‘பாரம்பரியமான குடும்பம்’. சேதி அதேதான், வசவு மட்டும் போய்விட்டது.

தன்னைத்தானே சொல்லிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. ‘நான் கொஞ்சம் கட்டுப்பெட்டி, இதெல்லாம் எனக்குச் சரிப்படாது’ என்று சிரித்துக்கொண்டே ஒதுங்குவது. அடுத்தவர் சொல்லும் முன் தானே சொல்லிவிட்டால் அதில் முள் இருக்காது. அந்தக் ‘கொஞ்சம்’ ரொம்ப முக்கியம்.

ஆணா பெண்ணா என்பதையும் பாருங்கள். இலக்கணப்படி இது இருபாலுக்கும் பொது. வழக்கில் என் காதில் விழுவதெல்லாம் பெரும்பாலும் பெண்களை நோக்கித்தான். அதே குணமுள்ள ஆணைச் சாமியார் என்பார்கள், பழைய பஞ்சாங்கம் என்பார்கள், ‘ரொம்ப நல்லவன்’ என்று இழுத்துச் சொல்வார்கள். ஆணைக் கட்டுப்பெட்டி என்று எழுதினால் பிழையில்லை. அது படிப்பவர் கண்ணை ஒரு நொடி நிறுத்தும், நிறுத்தத்தான் வேண்டும் என்றால் தாராளமாக எழுதுங்கள். குடும்பம், ஊர், அலுவலகம், பத்திரிகை இவற்றோடு சேரும்போது இந்தச் சிக்கல் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு பெண் ‘வேண்டாம்’ என்று சொன்ன இடத்தில் இந்தச் சொல் வந்தால், அது அவள் குணத்தைப் பற்றிய கருத்தாக இருப்பதில்லை, நெட்டித் தள்ளும் கையாக இருக்கிறது. ‘ரொம்பத்தான் கட்டுப்பெட்டியா இருக்காதே’ என்று ஒருவன் சொல்வதைக் கதையில் எழுதுகிறீர்கள் என்றால், அந்த ஒரு வரியில் அவன் யார் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தே எழுதுங்கள்.

ஐந்தாம் படி: வாக்கியத்தில் உட்கார வைப்பது

பெயராக அப்படியே நிற்கும்: ‘அவள் ஒரு கட்டுப்பெட்டி.’ பேச்சில் பல சமயம் ‘அது’ சேரும்: ‘அது ஒரு கட்டுப்பெட்டி, நம்மகூட சினிமாவுக்கெல்லாம் வராது.’ இந்த ‘அது’வில் அலட்சியமும் இருக்கும், கொஞ்சம் செல்லமும் இருக்கும். பெரியவர்களைப் பற்றி இப்படிச் சொல்ல முடியாது. அவர்களுக்கு ‘அவர் கொஞ்சம் கட்டுப்பெட்டியான ஆள்’ என்பதே அதிகம்.

‘ஆன’, ‘ஆக’ இரண்டும் இயல்பாகச் சேரும்: கட்டுப்பெட்டியான சூழல், கட்டுப்பெட்டியாக வளர்த்துவிட்டார்கள். ‘கட்டுப்பெட்டித்தனமான’ என்பது ஆளைவிடக் கருத்துக்கும் விதிக்கும்தான் நன்றாகப் பொருந்தும்: கட்டுப்பெட்டித்தனமான விதிமுறை, கட்டுப்பெட்டித்தனமான விமரிசனம். மறுக்கும்போது ‘ஒன்றும்’ போட்டால்தான் தமிழாக ஒலிக்கும்: ‘அவள் ஒன்றும் கட்டுப்பெட்டி இல்லை.’ அந்த ‘ஒன்றும்’ இல்லாத வாக்கியம் படிவத்தில் நிரப்பிய விடை மாதிரி இருக்கும்.

ஆறாம் படி: ஆங்கிலத்திலிருந்து வரும்போது

மொழிபெயர்ப்பாளர்கள் ‘ப்ரூட்’ (prude) என்ற சொல்லைப் பார்த்ததும் கட்டுப்பெட்டி என்று போட்டுவிடுகிறார்கள். பாதி நேரம் சரியாகவும் இருக்கிறது. மீதிப் பாதிக்காகத்தான் அதன் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

‘ப்ரூட்’ பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. மூலத்தில் அது புகழ்ச்சி. ‘ப்ரூட்ஃபாம்’ என்றால் மதிப்புக்குரிய பெண்மணி. அதன் ஆண்பால் ‘ப்ரூடோம்’, நேர்மையும் மதிப்பும் உள்ள ஆண். ஆண்பாலுக்குக் கௌரவம் குறையவே இல்லை. பிரான்சில் தொழிலாளி முதலாளி வழக்குகளை விசாரிக்கும் தொழில் நீதிமன்றங்களுக்கு இன்றும் அந்தப் பெயர்தான், அவை 1806இல் லியோன் நகரத்தில் தொடங்கியவை. பெண்பால் மட்டும் பாசாங்குக்காரி என்று சரிந்தது. கட்டுப்பெட்டி என்ற பட்டம் ஏன் பெண்கள் மேலேயே விழுகிறது என்று நான்காம் படியில் யோசித்தீர்கள் அல்லவா, இங்கேயும் அதே சரிவுதான். கூடவே ஒரு எச்சரிக்கை: முன்யோசனை என்று பொருள்படும் ‘ப்ரூடென்ட்’டுக்கும் இதற்கும் உறவில்லை. ஒலியைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

சரி, கட்டுப்பெட்டி எங்கே பொருந்தாது? பெட்டி தன்னை மூடிக்கொள்கிறது, ஊரை மூடுவதில்லை. ‘ப்ரூட்’ அடுத்தவர் செய்வதைப் பார்த்து அதிர்ச்சியடைந்து, தடுக்கவும் கிளம்பிவிடுவார். ஓவியக் கண்காட்சியில் நிர்வாணச் சிலைக்குத் துணி போடச் சொல்லிச் சண்டை போடுகிறவரைக் கட்டுப்பெட்டி என்று எழுதினால் சோப்ளாங்கியாகிவிடுகிறார். அவர் கலாச்சாரக் காவலர். கிண்டலின் சூடு கூட வேண்டுமானால் ஒழுக்கப் போலீஸ். வெளியே உபதேசமும் உள்ளே வேறு நடப்பும் என்று மூலத்தில் தொனித்தால், ‘யோக்கியன் வர்றான், சொம்பை எடுத்து உள்ளே வை’ என்ற பழமொழிப் பக்கம் போய்த் தேடுங்கள்.

கட்டுப்பெட்டிக்கு மிக நெருங்கிய ஆங்கில உறவு ‘ஸ்ட்ரெய்ட்-லேஸ்டு’. உடலை இறுக்கும் உள்சட்டையின் நாடாக்களை நெருக்கிக் கட்டியவர் என்பது நேர்ப்பொருள். இங்கே பெட்டியைக் கட்டினோம், அங்கே இடுப்பைக் கட்டினார்கள். இதில் வரும் ‘ஸ்ட்ரெய்ட்’டை நேர்க்கோடு என்று எண்ணிப் பலர் ‘நேர்மையானவர்’ என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே ஒலி, எழுத்துதான் வேறு: நேர்க்கோடு straight, இது strait. இது குறுகலைக் குறிக்கும் சொல். ஜிப்ரால்டர் ஜலசந்தி, ஹோர்முஸ் ஜலசந்தி என்கிறோமே, அந்த ஜலசந்திக்கான ஆங்கிலச் சொல்லும் இதுவேதான். கடல் நெருங்கிப்போன இடம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் தப்பு வராது.

‘பியூரிட்டன்’ வந்தால் கொஞ்சம் நில்லுங்கள். பெரிய எழுத்தில் வந்தால் அது 16, 17ஆம் நூற்றாண்டுகளின் கிறித்தவச் சீர்திருத்தக்காரர்களைக் குறிக்கும் வரலாற்றுப் பெயர், அப்படியே வைத்துவிடுங்கள். அவர்கள் கை ஓங்கியிருந்த இங்கிலாந்து நாடாளுமன்றம் 1642இல் நாடக அரங்குகளை மூடியது, 1647இல் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தைத் தடை செய்தது. மாசசூசெட்ஸில் 1659இல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். இதை வைத்துத்தான் சிறிய எழுத்தில் வரும்போது ‘யாரும் சந்தோஷமாக இருக்கக்கூடாது’ என்ற தொனி ஏறியது. கட்டுப்பெட்டி இதற்குப் போதாது. ‘சிரிப்புக்கும் தடை போடுகிறவர்’ என்று விரித்தே சொல்லிவிடலாம்.

எனக்குப் பிடித்தது திருமதி கிரண்டி. லண்டனில் அரங்கேறிய தாமஸ் மார்ட்டனின் ஒரு நாடகத்தில் இந்த அம்மாள் பேசப்படுகிறார், மேடைக்கு வருவதே இல்லை. பக்கத்துப் பண்ணைக்காரரின் மனைவி. ‘திருமதி கிரண்டி என்ன சொல்வாரோ’ என்று இன்னொரு பெண் ஓயாமல் கவலைப்படுகிறாள், அவ்வளவுதான். அதிலிருந்து ஆங்கிலத்தில் கிரண்டியிசம் என்ற சொல்லே பிறந்துவிட்டது. இதற்கு அடிக்குறிப்புப் போட்டுப் பக்கத்தை அடைக்க வேண்டியதில்லை. மேடைக்கு வராத அந்த அம்மாள் நம்மிடம் நான்கு பேராக இருக்கிறார்: ‘நாலு பேர் பார்த்தா என்ன சொல்வாங்க?’ அந்த நாலு பேரையும்கூட இதுவரை யாரும் பார்த்ததில்லை.

நூல்களிலிருந்து ‘ஆபாச’ வரிகளை நீக்குவதற்கு ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் உண்டு, தாமஸ் பௌட்லர் என்ற மருத்துவரின் பெயரால். 1818இல் குடும்பத்தோடு படிக்கத்தக்க ஷேக்ஸ்பியர் என்று பத்துத் தொகுதிகள் வெளியிட்டார். இதன் முதல் பதிப்பில், 1807இல், பெரும்பாலான வேலையைச் செய்தவர் அவருடைய சகோதரி ஹென்றியெட்டா மரியா. கட்டுப்பெட்டித்தனத்தின் பட்டம் இந்த ஒரு தடவை ஆணுக்குப் போய்விட்டது. தமிழில் ‘கத்தரி போடுவது’ போதும்.

ஏழாம் படி: சொல்லை எடுத்துவிட்டுப் பாருங்கள்

எழுதி முடித்தபின், கட்டுப்பெட்டி இருக்கும் இடத்தில் ‘அடக்கமான’ என்று வைத்து வாய்விட்டுப் படியுங்கள். வாக்கியம் அப்படியே நின்றால் நீங்கள் பாராட்ட நினைத்திருக்கிறீர்கள், கட்டுப்பெட்டியை எடுத்துவிடுங்கள். பிறகு ‘கண்டிப்பான’ என்று வையுங்கள். அதுவும் நின்றால் உடை, உறவு, கேளிக்கை எதையும் நீங்கள் காட்டவில்லை என்று அர்த்தம், காட்ட ஒரு வரி சேருங்கள். இரண்டுமே நிற்காமல் சரிந்தால்தான் சொல் தன் இடத்தில் இருக்கிறது.

ஒன்று செய்து பார்க்கலாம். ‘விடுதிக் காப்பாளர் கட்டுப்பெட்டி, எட்டு மணிக்கு மேல் யாரையும் உள்ளே விடமாட்டார்.’ கண்டிப்பான என்று வைத்தாலும் இது அப்படியே நிற்கிறது, எனவே சொல் வீண். ‘விடுதிக் காப்பாளர் கட்டுப்பெட்டி, கொடியில் காயும் சுடிதார்மேல் துப்பட்டா போர்த்தச் சொல்வார்.’ இப்போது வேறு எந்தச் சொல்லையாவது அங்கே வைத்துப் பாருங்கள்.